மெயில் போனதற்கு என்ன சாட்சி?

(திருவிடைமருதூரில் கணினி படிக்கும் மாணவர்களும் சிறு வணிகர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மகாலிங்கசுவாமி கோயில் உள்ள ஊரில் நின்று லாக் (நிரல் தான் செய்ததைக் குறித்துவைக்கும் பதிவு) எழுதுவதைப் பற்றிப் பேசச் சொன்னால், எந்தப் பேச்சாளருக்கும் நாக்கு தானாகக் கல்வெட்டுப் பக்கம் திரும்பும். சோழன் அன்றைக்கே பதிவு செய்து வைத்தான் என்று ஆரம்பித்தால் கைதட்டலும் நிச்சயம். நான் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. கல்வெட்டு என்றென்றைக்கும் நிற்க வேண்டும் என்று வெட்டியது. ஒரு செயலி மெயில் அனுப்பும்போது எழுதுகிற லாக், காலம் முடிந்ததும் அழிய வேண்டியது. எதை எழுதக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டியது. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் இரண்டுமே புரியாமல் போகும்.

ஆகவே கும்பகோணம் பக்கமாகக் கொஞ்சம் போய்த் திருபுவனத்தில் நிற்போம். அங்கே பட்டுச்சேலை விற்கிற ஒருவர், இணையதளம் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனை ஆள்தான், ஆனால் இந்த அவையில் அவரைப் போல நாலு பேராவது இருப்பீர்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மா சேலைக்கு ஆர்டர் போடுகிறார். பணம் வந்துவிட்டது. தளம் ரசீதை மெயிலில் அனுப்புகிறது. மறுநாள் அந்த அம்மா போன் போடுகிறார்: "தம்பி, பில் எதுவும் வரலையேப்பா." கடைக்காரர், தளத்தை எழுதிக் கொடுத்த பையனைக் கூப்பிடுகிறார். பையன் லாக்கைத் திறக்கிறான். அதில் ஒரே வரி இருக்கிறது: 'மெயில் வெற்றிகரமாக அனுப்பப்பட்டது.' "அனுப்பியாச்சுண்ணே, ஸ்பாம்ல பாக்கச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிடுகிறான்.

இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அந்த வரியை எழுதிய நிரலுக்கு, தான் சொல்வது உண்மையா என்று தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருந்தது. யாரும் அதைக் கேட்டுவைக்கவில்லை.

மெயில் போகிற விதத்தைப் பாருங்கள். நமது நிரல் நேரே சிங்கப்பூர் அம்மாவின் பெட்டிக்குப் போவதில்லை. பெரும்பாலும் 587 என்ற போர்ட் வழியாக, நாம் வாடகைக்கு எடுத்த ஒரு மெயில் சர்வரிடம் பேசுகிறது. அந்தப் பேச்சுக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணம் அதற்கு இலக்கணம் வகுத்தது. இன்று நடப்பில் இருப்பது 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5321. இலக்கணம் ரொம்பச் சின்னது. எதிர்ப்பக்கம் 220 என்று சொல்லி நம்மை வரவேற்கும். நாம் 'எஹ்லோ' என்று நம் பெயரைச் சொல்வோம். யார் அனுப்புகிறார் என்று ஒரு வரி. 250, அதாவது சரி. யாருக்கு என்று ஒரு வரி, 250. பிறகு 'டேட்டா' என்போம். அது 354 என்று சொல்லி, 'ம், எழுது' என்று காத்திருக்கும். கடிதம் முழுவதையும் கொட்டிவிட்டு, தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைப்போம். அந்தப் புள்ளிக்குப் பதிலாக மறுபடி ஒரு 250 வரும். பல சர்வர்கள் அதன் கூடவே தங்கள் வரிசையில் அந்தக் கடிதத்துக்குக் கொடுத்த எண்ணையும் சொல்லும்.

அந்தக் கடைசி 250-தான் எல்லாம். இந்தக் கடிதத்தைக் கொண்டு சேர்க்கிற பொறுப்பு இனி என்னுடையது, முடியாவிட்டால் முடியவில்லை என்று உனக்குத் திருப்பிச் சொல்கிற பொறுப்பும் என்னுடையது என்று அந்தச் சர்வர் ஒப்புக்கொள்கிற இடம் அது. தபால் ஆபீஸில் பதிவுத் தபாலைக் கவுண்டரில் கொடுத்தால் ஒரு ரசீது கிழித்துத் தருவார்கள் அல்லவா, அதற்கு ஈடு. பெற்றவர் கையெழுத்தோடு திரும்பி வரும் ஒப்புகை அட்டை அல்ல. (பதிவுத் தபாலையே 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். இன்னும் பத்து வருஷம் போனால் இந்த உவமையை யாருக்கும் சொல்ல முடியாது.) நமது பையன் செய்தது என்னவென்றால், கவுண்டர் ரசீதைப் பார்த்துவிட்டு ஒப்புகை அட்டை வந்துவிட்டதாகச் சொன்னான். அதைவிட மோசம், ரசீதில் இருந்த எண்ணையும் எழுதி வைக்கவில்லை.

லாக்கில் அந்த ஒரு வரி எப்படி இருந்திருக்க வேண்டும்? ஆர்டர் எண் இத்தனை, ரசீது மெயில், முதல் முயற்சி, இன்ன சர்வர் ஏற்றது, பதில் '250 2.0.0', அதன் வரிசை எண் இது, இரண்டு நொடி ஆனது. அவ்வளவுதான். 'அனுப்பப்பட்டது' என்று எழுதுவதற்குப் பதில் 'ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதுங்கள். இந்த வரி கையில் இருந்தால் பையன் மெயில் சர்வர் கம்பெனிக்கு அந்த வரிசை எண்ணை அனுப்பி, அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று ஐந்து நிமிடத்தில் கேட்டுவிடலாம். எண் இல்லாவிட்டால் அங்கேயும், "எத்தனை மணிக்கு அனுப்பினீங்க, யாருக்கு அனுப்பினீங்க" என்று ஆரம்பிப்பார்கள்.

இதோடு மெசேஜ்-ஐடி என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் இருக்கிற தனி அடையாளம். கடிதம் எத்தனை சர்வர் தாண்டினாலும் அது மாறாமல் கூடவே போக வேண்டும் என்பது ஏற்பாடு. இதை நீங்களே உருவாக்கி, அனுப்புவதற்கு முன்னாலேயே லாக்கில் எழுதிவிடுங்கள். பைத்தானின் எஸ்எம்டிபிலிப் நூலகம் இதைத் தானாகப் போடாது. நீங்கள் போடாவிட்டால் வழியில் ஏதோ ஒரு சர்வர் போடும், அது உங்களுக்குத் தெரியாது. இணைப்பு நடுவில் அறுந்து, புள்ளி வைத்ததற்குப் பதில் வந்ததா இல்லையா என்றே தெரியாத நிலை வரும்போது, முன்கூட்டி எழுதிய இந்த ஐடி ஒன்றுதான் துணை.

இங்கே கொஞ்சம் பழங்கதை. இன்று லினக்ஸ் சர்வர்களில் பல வகை லாக்குகளுக்கு அடித்தளமாக இருக்கிற சிஸ்லாக் என்ற ஏற்பாடு, பிறந்ததே மெயிலுக்காகத்தான். 1980-களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் சென்ட்மெயில் என்ற மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார். அது என்ன செய்கிறது என்று கவனிக்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அதற்காகச் செய்ததுதான் சிஸ்லாக். மற்ற மென்பொருள்களும் பிறகு அதையே எடுத்துக்கொண்டன. 2001-இல் ஆர்எஃப்சி 3164, 2009-இல் ஆர்எஃப்சி 5424 என்று அதற்கும் ஆவணம் வந்துவிட்டது. அந்த ஏற்பாட்டில் எந்தத் துறையிலிருந்து செய்தி வருகிறது என்பதற்கு எண்கள் உண்டு: 0 கர்னல், 1 பயனர் நிரல்கள், 2 மெயில். மூன்றாம் இடத்திலேயே மெயில் உட்கார்ந்திருக்கிறது. ஆக, மெயில் அனுப்புகிற நிரலுக்கு லாக் எழுதத் தெரியவில்லை என்றால், பிறந்த வீட்டையே மறந்துவிட்டது என்று அர்த்தம்.

மெயில் என்றதும் முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கப் பார்க்கிறார், கேள்வியும் தெரிகிறது. ஈமெயிலைக் கண்டுபிடித்தவர் தமிழர்தானே? தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சிவா அய்யாதுரை, 1978-இல் அமெரிக்காவில் பள்ளி மாணவராக இருந்தபோது 'ஈமெயில்' என்ற பெயரிலேயே ஒரு மென்பொருள் எழுதினார். 1982-இல் அதற்குப் பதிப்புரிமைப் பதிவும் வாங்கினார். அந்த வயதில் அது பெரிய வேலைதான். ஆனால் ரே டாம்லின்சன் 1971-லேயே ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே செய்தி அனுப்பிவிட்டார். பெருமைப்பட வேறு நிறைய இருக்கிறது, விட்டுவிடுவோம். தஞ்சை மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ, 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்தது வலையமைப்பு மேலாண்மை மென்பொருள். எங்கே என்ன பழுது என்று கண்டுபிடிக்கும் வேலை. இன்று செயலிகள் அனுப்பும் மெயிலுக்கென்றே செப்டோமெயில் என்ற சேவையும் நடத்துகிறார்கள். இங்கே உள்ள மாணவர்களில் யாராவது அந்த வேலைக்குப் போகலாம். அப்போது நான் சொல்கிற இந்த 250 உதவும்.

சரி, அமைப்புக்கு வருவோம். 'டீபக் போட்டேன் சார், லாக் ஃபைலில் ஒன்றுமே வரவில்லை' என்று ஒரு புகார் எல்லா இடத்திலும் கேட்கும். காரணம் சாதாரணம். ஜாவாமெயில் நூலகத்தில் டீபக்கை, அதாவது சர்வரோடு நடக்கும் பேச்சைக் காட்டும் வசதியை, இயக்கினால், அந்த உரையாடல் உங்கள் லாக் ஃபைலுக்குப் போகாது. நேரே திரைக்கு, அதாவது ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்குப் போகும். பைத்தான் எஸ்எம்டிபிலிப்பில் டீபக் அளவை ஏற்றினால் ஸ்டாண்டர்ட் எரருக்குப் போகும். பைத்தானின் லாகிங் என்ற தொகுதியை அது எட்டிக்கூடப் பார்க்காது. உங்கள் கணினியில் ஓட்டும்போது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. சர்வரில் பின்னணியில் ஓடும்போது அந்தத் திரையை யாரும் பார்ப்பதில்லை, எழுத்தெல்லாம் காற்றில் போகிறது. ஜாவாவில் அந்த வெளியீட்டை வேறு இடத்துக்குத் திருப்பிவிட வழி இருக்கிறது. பைத்தானில் நீங்களே பிடித்து லாகிங்கிடம் கொடுக்க வேண்டும். பிஹெச்பிமெயிலர் நூலகத்தில் டீபக்குக்கு 0 முதல் 4 வரை படிகள் உண்டு. இரண்டாம் படியில் இரு பக்கப் பேச்சும் தெரியும், அதுவே போதும்.

ஆனால் இந்த முழு உரையாடலையும் எப்போதும் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அது வைத்தியர் நாடி பார்க்கிற நேரத்துக்கு மட்டும். தினசரி ஓட்டத்துக்கு நான் முன்னே சொன்ன ஒரு வரி போதும்.

இன்னொரு பொறி இருக்கிறது. நான் கண்டவற்றில் ஆளை அதிகமாக ஏமாற்றுவது இதுதான். ஒரு கல்லூரி நாற்பது மாணவர்களுக்கு ஒரே மெயிலில் தேர்வு அறிவிப்பு அனுப்புகிறது என்று வையுங்கள். அதில் மூன்று முகவரி தவறு. சர்வர் அந்த மூன்றுக்கும் 550 என்று மறுத்துவிட்டு, மீதி முப்பத்தேழை ஏற்றுக்கொள்கிறது. பைத்தானில் அப்போது பிழை எதுவும் எழாது. எல்லோரையும் மறுத்தால்தான் பிழை எழும். ஒருவரையாவது ஏற்றுவிட்டால் வேலை நடந்ததாகவே கணக்கு. மறுக்கப்பட்டவர்கள் யார் யார் என்ற பட்டியலை அந்தச் செயல்கூறு அமைதியாகத் திருப்பித் தரும். அந்தப் பட்டியலை வாங்கிப் பார்க்காதவன் லாக்கில் 'வெற்றி' என்று எழுதிவிடுவான். ஜாவாமெயிலில் கதை தலைகீழ். பொதுவாக ஒருவர் மறுக்கப்பட்டாலே யாருக்கும் போகாது. பாதிப் பேருக்காவது போகட்டும் என்று தனியாக ஒரு அமைப்பு வைத்தால்தான் மீதிப் பேருக்குப் போகும். நீங்கள் எழுதுகிற மொழியில் எப்படி என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி வரி எழுதுங்கள். மூன்று மாணவர்களுக்குத் தேர்வுத் தேதி தெரியாமல் போவது அந்த ஒரு பட்டியலைப் பார்க்காததால்தான்.

அடுத்தது, எந்தச் செய்தியை எந்த அளவில் எழுதுவது. எஸ்எம்டிபி பதில்களில் முதல் இலக்கம் 4 என்றால் தற்காலிகம், 5 என்றால் நிரந்தரம். 451 வந்தால் பல சமயம் எதிர்ப்பக்கம், "உன்னை எனக்குத் தெரியாது, கொஞ்ச நேரம் கழித்து வா" என்கிறது. கிரேலிஸ்டிங் என்று இதற்குப் பெயர். 2003-இல் இவான் ஹாரிஸ் முன்வைத்த யோசனை. ஸ்பாம் அனுப்புகிறவன் திரும்பி வரமாட்டான், ஒழுங்கானவன் வருவான் என்ற கணக்கு. இதை 'எரர்' என்று சிவப்பில் எழுதினால், நடுராத்திரியில் யாரோ ஒரு பையன் எழுந்து உட்கார்ந்து எதுவும் உடையாத ஒன்றைச் சரிசெய்துகொண்டிருப்பான். 550-யும் 5.1.1-உம் சேர்ந்து வந்தால் அப்படி ஒரு பெட்டியே இல்லை. வாடிக்கையாளர் முகவரியைத் தப்பாக அடித்திருக்கிறார். அது நிரலின் குற்றம் இல்லை, எச்சரிக்கை அளவு போதும். ஆனால் கடையில் ஒருவர் அந்த அம்மாவுக்குப் போன் போட வேண்டும். 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. 535 என்றால் நம் கடவுச்சொல்லே செல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு மெயிலும் போகாது. ராத்திரியில் எழுப்ப வேண்டியது இதற்குத்தான். நான் பார்த்த பல அமைப்புகளில் இது நேர்மாறாக இருக்கிறது. 451-க்கு மணி அடிக்கிறது, 535-ஐ விழுங்கிவிட்டு அடுத்த மெயிலுக்குப் போகிறது.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கண்டிப்பாகிவிட்டது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற டொமைன் அடையாள ஏற்பாடுகள் மூன்றும் வைத்திருக்க வேண்டும். குறைவாக அனுப்புகிறவர்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். இல்லையென்றால் 5.7.26 என்ற எண்ணோடு மறுப்பு வரலாம். அந்த எண்ணை முழுதாக எழுதி வைத்திருந்தால் டொமைன் அமைப்பில் கோளாறு என்று பார்த்தவுடன் தெரியும். வெறும் 'தோல்வி' என்று எழுதினால் ஒரு வாரம் குழம்பலாம். ஆகவே பதிலை உங்கள் சொந்த வார்த்தையில் சுருக்காதீர்கள். சர்வர் சொன்னதை அப்படியே எழுதுங்கள்.

250 வந்த பிறகும் கதை முடியவில்லை. ஒப்புக்கொண்ட சர்வர் முயன்று பார்த்துவிட்டு, முடியாமல் திருப்பி அனுப்பலாம். போஸ்ட்ஃபிக்ஸ் சர்வர் வழக்கமான அமைப்பில் ஐந்து நாள் வரை முயலும். திரும்பும் கடிதம் உறைமேல் எழுதிய அனுப்புநர் முகவரிக்கு வரும். நம்மவர்கள் அங்கே 'நோரிப்ளை' என்று ஏதோ ஒன்றைப் போட்டிருப்பார்கள். அப்படி ஒரு பெட்டியே இருக்காது. சாட்சி சொல்ல வந்தவனை வாசலிலேயே விரட்டுகிற வேலை இது. ஒரு உண்மையான பெட்டி வையுங்கள். அதை ஒரு நிரல் படித்து, மெசேஜ்-ஐடியைப் பார்த்து, பழைய 'ஒப்படைக்கப்பட்டது' வரிக்குத் துணையாகத் 'திரும்பியது' என்று புது வரி எழுதட்டும். ஒவ்வொரு பெறுநருக்கும் தனித் திரும்பு முகவரி கொடுக்கிற வெர்ப் என்ற உத்தியை டி.ஜே. பெர்ன்ஸ்டைன் சொல்லிவைத்திருக்கிறார், அதைச் செய்தால் யாருடைய கடிதம் திரும்பியது என்று ஊகிக்க வேண்டியதே இல்லை. மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படம் வைத்து, திறந்தாரா என்று பார்க்கிறோம் என்பார்கள் சிலர். 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில், ஆள் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவைக்கும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது. அந்தச் சாட்சி இனி செல்லாது.

இனி எதை எழுதக் கூடாது. 2018 மே 3-ஆம் தேதி ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களிடமும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது. யாரும் உள்ளே புகுந்ததாக அறிகுறி இல்லை. கடவுச்சொல்லைக் குழப்பி மறைப்பதற்கு முன்பே அது உள்ளே ஒரு லாக்கில் அப்படியே எழுதப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். மெயில் டீபக்கிலும் இதே ஆபத்து. சர்வரில் நுழையும்போது நம் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் பேஸ்64 என்ற வடிவில் போகும். பார்க்க ஏதோ புரியாத எழுத்துப் போல இருப்பதால் பாதுகாப்பானது என்று நினைப்பார்கள். யாரும் ஒரு நொடியில் திருப்பிப் படிக்கலாம். ஜாவாமெயில் அந்த வரிகளைத் தானாக மறைத்துவிடும், பைத்தான் மறைக்காது. டீபக்கில் வந்ததை அப்படியே நகலெடுத்து நண்பருக்கு அனுப்பி 'இதைக் கொஞ்சம் பார்' என்கிறீர்களே, அப்போது சாவியையும் சேர்த்து அனுப்புகிறீர்கள்.

மெயிலின் உடலை எழுதாதீர்கள். அதில் ஓடிபி இருக்கும். கடவுச்சொல் மாற்றும் இணைப்பு இருக்கும். அந்த இணைப்பு உயிரோடு இருக்கும்வரை லாக்கைப் படிக்க முடிந்த எவரும் அந்தக் கணக்குக்குள் நுழையலாம். 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் மெயில் முகவரியும் தனிநபர் தரவுதான். முகவரியை நடுவில் மறைத்து எழுதிவிட்டு, தேடுவதற்கு ஆர்டர் எண்ணை நம்புங்கள். போன் போடுகிற அம்மாவிடம் கேட்க வேண்டியதும் ஆர்டர் எண்ணைத்தான்.

லாக் எழுதும் நூலகத்தையே கண்மூடி நம்பக் கூடாது என்று உலகத்துக்குக் காட்டியது 2021 டிசம்பர். லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா நூலகத்தின் இரண்டாம் பதிப்பில், எழுதக் கொடுத்த வாக்கியத்துக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் கட்டளை இருந்தால், அது எழுதுவதோடு நிற்காமல் அந்தக் கட்டளையைச் செய்துபார்க்கவும் புறப்பட்டுவிட்டது. வெளியே உள்ளவன் பெயர் என்ற கட்டத்தில் அந்த வாக்கியத்தை நிரப்பினாலே போதுமாக இருந்தது. நம் சர்வர் அவன் சொன்ன இடத்திலிருந்து நிரலை இறக்கி ஓட்டியது. பெயரில் ஒரு வரிமாற்றக் குறியைச் செருகி லாக்கில் பொய்யான ஒரு வரியை உண்டாக்குவது இன்னும் எளிது. வெளியிலிருந்து வருகிற எதையும் வரிமாற்றம் நீக்கி, நீளத்தை வெட்டி எழுதுங்கள்.

பிழை வந்தால் அதை மெயிலில் தெரிவிக்கும் வசதி பல லாக் நூலகங்களில் உண்டு. நல்ல வசதிதான். மெயில் சர்வரே விழுந்திருக்கும்போது என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? மெயில் போகவில்லை; பிழை எழுதப்படுகிறது; பிழையைத் தெரிவிக்க மெயில்; அதுவும் போகவில்லை; மறுபடி பிழை. காலையில் வந்து பார்த்தால் டிஸ்க் நிரம்பியிருக்கும். மெயில் சம்பந்தமான பிழைகளை மட்டும் மெயிலில் தெரிவிக்காதபடி விலக்கிவையுங்கள். எஸ்எம்எஸ்ஸோ வேறு வழியோ வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நேரமும் சட்டமும். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். கடிகாரத்தை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு, அல்லது அவற்றோடு இசைந்த சர்வரோடு பொருத்த வேண்டும். கடிகாரத்துக்கு ஏன் இவ்வளவு என்றால், வாடகைச் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். ஜூலை 1 அதிகாலை 2 மணிக்கு அனுப்பிய மெயில், லாக்கில் ஜூன் 30 இரவு 8:30 என்று இருக்கும். கெடு ஜூன் 30 நள்ளிரவோடு முடிகிறது என்றால் அந்த வரியைக் காட்டி ஒருவர் வாதாடலாம், இன்னொருவர் அதையே காட்டி மறுக்கலாம். எந்த நேரத்தில் எழுதினாலும் பரவாயில்லை, கூடவே '+05:30' என்றோ பூஜ்யம் என்றோ வித்தியாசத்தையும் எழுதுங்கள்.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத வரை, ஒரு மின்னணு ஆவணம் அனுப்புகிறவரின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு கணினி வளத்துக்குள் நுழையும்போது அது அனுப்பப்பட்டதாகிறது. பெறுபவர் இந்த முகவரிக்கு அனுப்பு என்று குறித்துக் கொடுத்திருந்தால், அந்த இடத்துக்குள் அது நுழையும்போது பெறப்பட்டதாகிறது. நம் பையனின் சர்வர் அவனே நடத்துகிற போஸ்ட்ஃபிக்ஸ் என்றால், அதனிடம் வாங்கிய 250 சட்டப்படி ஒன்றுமில்லை. கடிதம் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அந்தப் போஸ்ட்ஃபிக்ஸ் வெளியே கொடுத்தபோது அது எழுதிய வரிதான் கணக்கு. வாடகைச் சர்வர் என்றால், அது நம் கட்டுப்பாட்டில் உள்ளதா இல்லையா என்று வழக்கறிஞர்கள் வாதாட இடமுண்டு. எப்படியானாலும் இரண்டு லாக்குகளும் வேண்டும், இரண்டையும் கோர்க்க அந்த மெசேஜ்-ஐடியும் வரிசை எண்ணும் வேண்டும்.

இது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். கொரோனா காலத்தில், 2020 ஜூலை 10 அன்று, நோட்டீஸ்களை ஈமெயிலிலும் வாட்ஸ்அப் போன்றவற்றிலும் சார்பு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கும்பகோணம் நீதிமன்றத்தில் நாளைக்கு ஒரு வாடகை வழக்கிலோ வியாபார வழக்கிலோ, மெயில் வந்தது வரவில்லை என்று கேள்வி எழுந்தால், லாக்கைச் சாட்சியமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குச் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு. அதன் படிவத்தில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன: ஒன்றை ஆவணத்தைக் கொடுப்பவர் நிரப்ப வேண்டும், இன்னொன்றை நிபுணர். ஃபைலுக்குக் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பையும், எந்த முறையில் அதைக் கணக்கிட்டீர்கள் என்பதையும் அங்கே எழுதச் சொல்கிறார்கள். ஆகவே புகார் வந்த அன்றைக்கே சம்பந்தப்பட்ட நாளின் லாக்கைத் தனியாக நகலெடுத்து, ஷா-256 ஹேஷ் எடுத்து, தேதியோடு குறித்து வையுங்கள். 180 நாள் கழிந்தால் நீங்களே வைத்த ஏற்பாடு மூல லாக்கை அழித்துவிடும், அழிக்கவும் வேண்டும்.

கடைக்காரர்களுக்கு ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். தளத்தை எழுதிக் கொடுத்த பையன் நாளைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலை கிடைத்துப் போய்விடுவான். லாக் எந்தச் சர்வரில், எந்த இடத்தில் இருக்கிறது, மெயில் கம்பெனியின் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, அந்தப் படிவத்தில் உங்கள் சார்பில் கையெழுத்துப் போடப்போவது யார், இதையெல்லாம் அவன் ஊரில் இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். கேள்வி உள்ளவர்கள் கேட்கலாம். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.